ஓனரம்மா சொன்ன வாசனை

போன மார்கழியில், ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நடந்தது இது. மணி வரைக்கும் ஞாபகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. என் கணவருக்குக் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை பதினொன்றரைக்குத்தான். அந்த அரை மணி நேரம் மட்டும்தான் லாக்கரில் வைத்திருக்கும் போனை எடுத்துப் பேசலாம். அன்றைக்கு அவர் ஐந்து நிமிஷம் தாமதமாகக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைக்கவே பயப்படுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே மார்கழியிலும் மத்தியானம் ஃபேன் போட்டுத்தான் தூங்குவோம். ஓசூருக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் இந்த ஊர்க் குளிர் எனக்குப் பழகவில்லை. காலையில் கம்பெனி பஸ் வரும்போது ஹெட்லைட் மட்டும்தான் தெரியும், பஸ் தெரியாது. அந்தப் பனியில் ஆறு மணிக்கெல்லாம் அவர் குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சுடுதண்ணிக்கு ரெண்டு பேரும் அலுத்துப்போய், கடைசியில் ஒரு கேஸ் கீசர் வாங்கினோம். குளியலறை பெட்டி மாதிரி இருப்பதால் அங்கே மாட்ட இடமில்லை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சின்ன பால்கனி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லாரும் அதை யுட்டிலிட்டி என்பார்கள். அங்கே மாட்டினோம். பக்கத்திலேயே தனி சிலிண்டர். பனிக்காற்று உள்ளே வருகிறதென்று பால்கனிக் கம்பி முழுக்கத் தார்ப்பாய் கட்டி அடைத்ததும் நாங்கள்தான். அதை நானே நின்று கட்டினேன், பெருமையாக.

மாட்டிக் கொடுத்த பிளம்பர் முதல் தடவை பற்றவைத்ததும் ஏதோ கருகின மாதிரி ஒரு வாடை வந்தது. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்து, "புதுசுல நாலு நாள் இப்படித்தான் இருக்கும் மேடம், அப்புறம் தானா போயிடும்" என்றார். சரி, நாலு நாள் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன வாடை வந்தாலும் அந்த நாலு நாள் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் ஓசூரில் என் மூக்குக்கு எப்போதுமே குழப்பம்தான். காற்று ஒரு பக்கம் அடித்தால் பெயின்ட், இன்னொரு பக்கம் அடித்தால் ரப்பர். இது போதாதென்று என் கணவர் வேறு. அவருக்கு வேலை இரும்புச் சாமான்களைச் சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கி எடுக்கிற ஃபர்னஸ் பகுதியில். யூனிஃபார்மைக் கழற்றினால் அந்தக் கருகின எண்ணெய் வாடை வீடு முழுக்கச் சுற்றும். அழுக்குத் துணிக் கூடை இருப்பதும் அதே யுட்டிலிட்டியில்தான். போதாக்குறைக்கு எனக்குக் கார்த்திகையில் பிடித்த சளி விடாமல், மூக்கு பாதி நாள் அடைத்தே கிடந்தது.

இப்போது ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ் வீட்டில் இருப்பவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். வீட்டுக்குள் கன்னடம், காய்காரரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுவார். அந்தத் தமிழிலும் பாதி கன்னடம் கலந்திருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வாடகை கூட்டுவதென்றால்கூட நாம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் கேட்பார். அவர் பேசுவதில் எனக்கு முக்கால்வாசி புரியும். புரியாத கால்வாசிக்குச் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். எனக்குத் தெரிந்த கன்னடம் மொத்தம் நாலு வார்த்தை. தும்ப என்றால் ரொம்ப. சென்னாகிதெ என்றால் நல்லா இருக்கு. பேடா என்றால் வேண்டாம். கொத்து என்றால் தெரியும். இந்த நாலையும் வைத்துக்கொண்டு நாலு வருஷத்தை ஓட்டியிருந்தேன்.

கீசர் மாட்டினது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலையில் குழம்புப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தேன். ஓனரம்மா படியேறி வந்து வாசலில் நின்றார். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். மிளகாய் நெடி போலிருக்கிறது என்று நான் அவசரமாக அடுப்பைக் குறைத்தேன்.

"ஏம்மா, வாசனை வருது. கீழே வரைக்கும் வருது. தும்ப வாசனை" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நாலு வருஷமாக நான் சமைப்பதைப் பற்றி என் வீட்டு மனுஷர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கீழ் வீட்டிலிருந்து ஓனரம்மா படியேறி வந்து பாராட்டுகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க ஊர் பக்குவம்மா" என்று சொல்லிக்கொண்டே, முந்தின தடவை வறுத்துத் திரித்து வைத்திருந்த பொடியில் ஒரு டப்பா நிறையப் போட்டுக் கொடுத்தேன். அவர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறும் டப்பா கொடுக்கக் கூடாது என்று உள்ளே நாலு ஏலக்கி வாழைப்பழம். எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. பொடி பிடித்துப்போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"இன்னிக்கு இன்னும் ஜாஸ்தி வாசனைம்மா" என்றார். சொல்லிவிட்டு என் தோளைத் தாண்டி சமையலறைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை போலும் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்தது சுமாரான ஒரு புளிக்குழம்பு. அதில் அப்படி வாசனை வர ஒன்றுமில்லை என்பது எனக்கே தெரியும். கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் பாராட்டு என்று வந்துவிட்டால் நாம் எங்கே கேள்வி கேட்கிறோம்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். "நிமகெ கொத்தாகல்வா?"

அதில் கொத்து என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. எப்படிச் செய்வதென்று தெரியுமா என்று கேட்கிறாராக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கொத்து, கொத்து" என்றேன். ஒரு கிண்ணம் புளிக்குழம்பும் கொடுத்தனுப்பினேன். அவர் முகத்தில் இருந்த கவலை சட்டென்று போய்விட்டது. "அப்ப சரிம்மா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த நிம்மதியான முகத்தைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

வெள்ளிக்கிழமை காலையில் கீழே ஒரே கலகலப்பு. ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிற ஓனரம்மாவின் மகள் மூணு மாசக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேரனுக்கு எண்ணெய்க் குளியல். அதற்கு கீசர் தண்ணியெல்லாம் ஓனரம்மாவுக்கு ஆகாது. வீட்டுக்குப் பின்னால், சரியாக எங்கள் யுட்டிலிட்டிக்குக் கீழே, பழைய குளியலறை ஒன்று இருக்கிறது. அதில் செம்பு அண்டாவைப் பதித்துக் கட்டின விறகடுப்பு உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் மட்டும் அதைப் பற்றவைப்பார். மற்ற நாளில் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

பதினொன்றரைக்கு என் கணவர் கூப்பிட்டார். சாப்பிட்டாச்சா, வெயில் வந்துச்சா என்ற வழக்கமான பேச்சு. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"நீங்கதான் என் சமையலை ஒரு நாளும் மதிச்சதில்ல. ஓனரம்மா ரெண்டு நாளா மாடி ஏறி வந்து வாசனை வருது, வாசனை வருதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

அவர் சிரித்தார். "அப்படியா! அவங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றார். அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. "இரு. அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றார்.

"தும்ப வாசனைன்னாங்க."

 நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் பேசின குரல் நான் அதுவரை கேட்காத குரல்.

"அடுப்பு எரியுதா?"

"இல்ல, இப்பத்தான் அணைச்சேன்."

"லைட்டு, ஃபேன், மிக்சி எந்த சுவிட்சையும் தொடாத. போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஓனரம்மா என் பொடியைப் பாராட்டினதற்கு நான் ஏன் ஃபேனைத் தொடக் கூடாது? அதையே கேட்டேன்.

"கன்னடத்துல வாசனைன்னா நாத்தம்டி! எங்க லைன்ல வாசனைன்னு ஒருத்தன் கத்துனா, கையில இருக்கறதைப் போட்டுட்டு அத்தனை பேரும் வெளிய ஓடணும். கேஸ் லீக்குன்னு அர்த்தம். போனை அங்கயே வச்சிட்டுப் போயி கீசர் சிலிண்டரை மூடு. கதவு எல்லாத்தையும் திறந்து போட்டுட்டு வெளிய வா!"

போனை ஹால் சோபாவில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஓடும்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. வாசனை எப்படி நாற்றமாக இருக்க முடியும்? யுட்டிலிட்டி வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் யூனிஃபார்ம் வாடை மட்டும்தான் தெரிந்தது. இவருக்கு எப்போதும் பயம் அதிகம் என்று நினைத்தேன். சிலிண்டரை மூடக் குனிந்தேன். முழங்காலுக்குக் கீழே முகம் போன பிறகுதான் அது வந்து அடித்தது. அழுகின முட்டை மாதிரி, அடைத்த மூக்கையும் தாண்டி உள்ளே ஏறுகிற நாற்றம். தரையோடு தரையாகத் தேங்கிக் கிடந்திருக்கிறது. நின்றுகொண்டே வேலை பார்த்த எனக்கு அது எட்டவே இல்லை.

ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். நிமிர்ந்ததும் என் கை தானாகப் போன இடம் எது தெரியுமா? எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச். நாற்றம் என்றால் ஃபேனைப் போடுவது எத்தனை வருஷப் பழக்கம். விரல் சுவிட்சில் பட்ட பிறகுதான் அவர் சொன்னது நினைவு வந்து, நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். தார்ப்பாய்க் கயிற்றை அருகில் இருந்த அரிவாள்மனையால் அறுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றி, இரும்பு பட்டுப் பொறி கிளம்புமோ என்று பயந்து, பல்லாலும் நகத்தாலும் பிடுங்கி எறிந்தேன். வெளிக்காற்று உள்ளே வந்தது.

கம்பி வழியாகக் கீழே பார்த்தேன். வெயிலில் பலகை போட்டு மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க, கையைக் காலை உதறிக்கொண்டு. ஓனரம்மா கையில் தென்னமட்டையோடு எனக்கு நேர் கீழே இருந்த குளியலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

என் காலுக்குக் கீழே தரையில் துணி துவைக்கிற தண்ணி போகிற ஓட்டை. அந்தக் குழாய் போய் இறங்குவது அந்தக் குளியலறை ஜலதாரையில். ரெண்டு நாளாக வாசனை எங்கிருந்து எங்கே போனது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

"அம்மா! பத்த வைக்காதீங்க!" என்று கத்தினேன். சளிக் குரல், கம்மிப்போய் எனக்கே கேட்கவில்லை. குழந்தை வேறு அழத் தொடங்கியிருந்தது. மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, நான் குழந்தையைப் பார்க்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, அவன் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள். ஓனரம்மா உள்ளே போய்விட்டார்.

மாடிப்படி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வழியில் காலில் செருப்பு தடுக்கி, கடைசி மூணு படி உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். எழுந்து ஓடிக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே இருட்டாக இருந்தது. ஓனரம்மா அண்டா அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விறகு அடுக்கியாயிற்று. ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி.

எனக்குத் தமிழே மறந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பேடா என்ற சொல்கூட எனக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"வாசனை! வாசனை! வாசனை!"

அவர் கை அப்படியே நின்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. நான் போய் தீப்பெட்டியைப் பிடுங்கி வெளியே வீசினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். எதிர் வீட்டில் குழந்தையைக் கொடுத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் நின்று ஓ என்று அழுதேன்.

அடுப்பு வாசலில் ரெண்டு தீக்குச்சி தலை உதிர்ந்து கிடந்ததைப் பிறகு பார்த்தோம். பூட்டியே கிடந்த அறையில் பனி ஈரத்தில் பெட்டி நமத்துப் போயிருக்கிறது. உரசின ரெண்டும் பொறியே கிளம்பாமல் பொடிப்பொடியாகியிருக்கின்றன. மூணாவதுதான் அவர் கையில் இருந்தது.

எதிர் வீட்டுப் போனிலிருந்து கேஸ் ஏஜென்சியின் அவசர எண்ணுக்குச் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். அதுவரை ரெண்டு வீட்டுக்குள்ளும் யாரையும் விடவில்லை. அவர் சோப்புத் தண்ணியைக் குழைத்து டியூப் முழுக்கத் தடவி, ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்தார். கீசர் பக்கத்து முனையில் குபுகுபுவென்று நுரைக் குமிழ் கிளம்பியது. பிளம்பர் போட்டிருந்தது கேஸுக்கான டியூபே இல்லை, ஏதோ சாதாரண ரப்பர் குழாய். கிளிப்பும் சரியாக இறுக்கவில்லை.

"மாடியில நமக்குத் தெரியலையே, கீழ அவங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"சிலிண்டர் கேஸு காத்தை விட கனம்ங்க. தண்ணி மாதிரி பள்ளம் பார்த்துதான் போகும். தலைக்கு மேல ஃபேன் போட்டு அதை வெளிய தள்ள முடியாது. சுவிட்ச் போட்டா வர்ற சின்னப் பொறியே போதும்" என்றார்.

புதுசில் நாலு நாள் வாடை வரும் என்று பிளம்பர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "புது கீசர் பத்த வைக்கறப்ப தூசி, பெயின்ட் கருகி கொஞ்சம் வாடை வரும், நெசம்தான். அது எரியறப்ப மட்டும் வந்து ரெண்டொரு நாள்ல அடங்கிடும். அணைச்ச பிறகும் வாடை நின்னா அது கேஸுதான். அதைப் புதுசு, பழசுன்னு யாரும் சமாதானம் சொல்லக் கூடாது" என்றார். பிறகு நான் பிடுங்கி எறிந்த தார்ப்பாயைக் காலால் தள்ளிக் காட்டி, "இதைக் கட்டி மூடிட்டு உள்ள கீசரை எரிச்சீங்களா? அதுல வர்ற புகைக்காத்துக்கு நாத்தமே கிடையாது. தலை சுத்தும், தூக்கம் வரும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டீங்க. நாத்தம் வந்ததே உங்க நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு நாளாகக் குளித்துவிட்டு வந்ததும் தலை வலிக்கிறது என்று என் கணவர் சொன்னதும், பனி என்று நான் தைலம் தேய்த்துவிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

என் கணவர் பர்மிஷன் போட்டுவிட்டு யாரோ ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். போனை சோபாவில் போட்டவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லையே, பாவம், வழியெல்லாம் என்னென்ன நினைத்தாரோ. என்னைத் தெருவில் பார்த்ததும் திண்டு போலிருந்த சாக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "கம்பெனியில தினம் காலையில சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்துட்டுத்தான் ஃபர்னஸையே ஆன் பண்றேன். என் வீட்டுல ஒரு தடவை பார்க்கலையே" என்றார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் ஓனரம்மா வீட்டில் காபி குடித்தோம். குழந்தை குளிக்காமலே எண்ணெய்ப் பிசுக்கோடு தூங்கிக்கொண்டிருந்தான். மகள்தான் எல்லாவற்றையும் எனக்கு விளக்கினாள், சிரிப்பும் படபடப்புமாக. "நல்லதா இருந்தா நாங்க கமகமன்னு சொல்வோம்க்கா. பரிமளன்னு சொல்வோம். வெறுமனே வாசனைன்னா கெட்டதுதான். அம்மா தமிழ்ல பேசறேன்னு நெனச்சு அதையே சொல்லியிருக்காங்க. மொதல்ல எலி செத்துப்போச்சுன்னு விறகெல்லாம் எடுத்துத் தேடியிருக்காங்க. அப்புறம் குழாயில இருந்து வருதுன்னு உங்ககிட்ட வந்திருக்காங்க. நீங்க பொடி குடுத்தீங்களாம்."

ஓனரம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வாடகைக்கு இருக்கிறவர்களிடம் போய் உன் வீடு நாறுகிறது என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தயக்கம். அதனால்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார். சுற்றி வளைத்ததில் நான் பாராட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வியாழக்கிழமை கடைசியா என்ன கேட்டீங்கம்மா?" என்றேன். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குத் தெரியலையா, நாத்தம் வர்றது தெரியலையான்னு கேட்டேம்மா. நீ சிரிச்சிட்டு கொத்து கொத்துன்னே. தெரியும்னு சொல்றா, அப்ப ஏதோ சரி பண்ணிட்டு இருக்கா, பயமில்லைன்னு நெனச்சேன். அதான் இன்னிக்கு தைரியமா பத்த வைக்கப் போனேன்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரைக்கும் தப்பு பிளம்பர் மேல் இருந்தது, ரப்பர் குழாய் மேல் இருந்தது, ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வைத்திருக்கிற ரெண்டு மொழி மேல் இருந்தது. அந்த ஒரு பேச்சில் எல்லாம் திரும்பி என்மேல் வந்து உட்கார்ந்தது. அந்த அம்மாள் பயந்துதான் இருந்திருக்கிறார். அந்தப் பயம்தான் அவரையும் பேரனையும் காப்பாற்றியிருக்க வேண்டியது. சிரித்துச் சிரித்து அதைப் போக்கடித்து, அவர் கையில் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்.

கீசரை அன்றைக்கே கழற்றிவிட்டோம். இப்போது எங்கள் வீட்டில் கரண்டு கீசர். சமையலறை சிலிண்டருக்கு மாசம் ஒரு தடவை சோப்புத் தண்ணி வைத்தியம் நடக்கிறது. ஓனரம்மா மகளிடம் போனில் வாரம் நாலு வார்த்தையாகக் கன்னடம் கற்றுக்கொள்கிறேன். ஓனரம்மாவும் ஏதாவது சொல்ல வந்தால் முன்னைப் போலச் சுற்றி வளைப்பதில்லை. மூக்கைப் பிடித்துக் காட்டியே சொல்லிவிடுகிறார்.

நான் மட்டும் ஒன்றை விட்டுவிட்டேன். யார் என்ன சொன்னாலும், ஆஸ்பத்திரியிலோ, ஆபீசிலோ, காய் மார்க்கெட்டிலோ, எனக்குப் புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டுவதில்லை. புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டுவிடுகிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள், படட்டும். புரியவில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு அரை நிமிஷ வெட்கத்தோடு போயிருக்கும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் இன்னொருத்தி பிள்ளையை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன்.